முதலில் ஏறுவோம், கடைசியில் இறங்குவோம்

பிரேக் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். சாலையில் ஒரு காகிதம் பறந்து வந்தால்கூட, எங்கோ தூரத்திலேயே பிரேக்கில் கால் வைத்துவிடுவார். வேன் நிற்பதே நமக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கடைகள் நகர்வதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

"அக்கா, ஒரு நத்தை நம்மள முந்திட்டுப் போகுது" என்பேன் பின் இருக்கையிலிருந்து.

"போகட்டும். அதுக்கு என்ன அவசரமோ" என்பார், திரும்பாமலே.

பள்ளி வேனுக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் ரொட்டி வண்டி ஓட்டியவர். தட்டுத் தட்டாக அடுக்கிய ரொட்டி நசுங்காமல் கடை கடையாகப் போய்ச் சேர வேண்டும். அடித்து பிரேக் போட்டால் பின்தட்டு முன்தட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு பேக்கரியை மூடிவிட்டார்கள். கால் மட்டும் ரொட்டிக்குப் பழகிய காலாகவே தங்கிவிட்டது. எங்களையும் ரொட்டி மாதிரிதான் ஓட்டிக்கொண்டு போவார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். கட்டை உடம்பு, முதுகுக்கு ஒரு தட்டைத் தலையணை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். கல்யாணம் ஆகாத தன் அக்காளோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறார். இருவரும் வாயைத் திறந்தால் சண்டை. அதனால் எதையும் அட்டையில் எழுதி ஒட்டிவிடுவார்களாம். 'பால் உன் முறை.' 'ரேடியோவைக் குறைத்தால் புண்ணியம்.' அந்தப் பழக்கம் வேனுக்கும் வந்துவிட்டது. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கொக்கி, அதில் இரண்டு இரும்பு வளையங்கள். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஓர் அட்டை. எங்கே நிறுத்த வேண்டும், யார் இறங்குகிறார்கள், யார் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று குண்டு குண்டாக எழுதியிருக்கும். ஒரு நிறுத்தம் முடிந்தால் ஓர் அட்டையைப் புரட்டுவார். வருஷக்கணக்காக ஓட்டும் பாதைக்கு எதற்கு அட்டை என்று கேட்டால், "எனக்கு மறக்காது. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா வர்றவனுக்கு வேணுமே" என்பார்.

முன்னால் இருக்கும் பெட்டியைத் திறந்தால் ஒரு சின்னக் கடையே இருக்கும். சீப்பு, ஊசி நூல், சட்டைப் பொத்தான், மூன்று அளவில் சாக்ஸ், பிஸ்கட். சாக்ஸ் கிழிந்த ஒரு பிள்ளையைக் கண்டால் அவளுக்கு மட்டும் கொடுக்கமாட்டார். "எல்லாரும் காலைத் தூக்குங்க, செக்கிங்" என்று வேன் முழுவதையும் காலைத் தூக்க வைப்பார். நல்ல சாக்ஸ் போட்ட இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். பிஸ்கட் என்றாலும் அப்படித்தான். வேனில் பதினான்கு பேர். அதில் காலையில் சாப்பிடாமல் வந்தது யார் என்று பதினான்கு பேருக்கும் தெரியாது. அந்தப் பிஸ்கட் யாருக்காக என்று எனக்கே ரொம்ப நாள் தெரியவில்லை. இவ்வளவுக்கும், பாதி நாள் சாப்பிடாமல் வந்தது நான்.

நாங்கள் இருந்தது ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில். அதை வீடில்லாத குடும்பங்களுக்கு என்று மாற்றியிருந்தார்கள். நடுவில் பலகைத் தடுப்பு வைத்து, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. மாடிக்கு ஒரு சமையலறை, அடுப்புக்கு முறை போட்டு ஒரு தாள், சலவை இயந்திரத்துக்கு இன்னொரு தாள். எங்கள் அறைக் கதவில் பெயிண்ட் அடித்தும் மறையாத எழுத்தில் 'புகார் பிரிவு' என்று இருந்தது. "நமக்குன்னே பாத்து ஒதுக்கியிருக்காங்க" என்று வந்த முதல் நாளே அம்மா சொன்னாள். நாங்கள் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். முதலில் சித்தி வீட்டில் இரண்டு மாசம், பிறகு அம்மாவோடு வேலை பார்க்கும் ஒருத்தி வீட்டில் மூன்று மாசம். சித்தி வீட்டில் குளிக்கப் போனால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். மற்ற வீட்டில் தட்டக்கூட மாட்டார்கள், பெருமூச்சு விடுவார்கள். அந்த அலைச்சலில் எட்டாம் வகுப்பில் பாதியை நான் படிக்கவே இல்லை. அந்தப் பாதியில் என்ன இருந்ததோ, இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கட்டடத்தை நாங்கள் பிள்ளைகள் 'ஆபீஸ்' என்போம். சின்னதுகள்கூட "ஆபீஸுக்குப் போகணும், தூக்கம் வருது" என்று கண்ணைக் கசக்கும். எங்கே தங்கியிருந்தாலும் பிள்ளை பழைய பள்ளிக்கே போகலாம், அதற்கு வேன் உண்டு என்பது அங்கே சேரும்போதே சொன்ன விஷயம். கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னார்கள்: தொடர்ந்து பத்து நாள் போகாவிட்டால் அந்த இடம் போய்விடும், பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்.

ஆபீஸிலிருந்து வேனில் போவது ஐந்து பேர். நான், இரட்டைச் சடை போட்ட இரண்டு சகோதரிகள், மூக்கு எப்போதும் ஒழுகும் ஒரு பொடியன், அப்புறம் கால்குலேட்டர். கால்குலேட்டருக்குப் பத்து வயது. வேன் போகும்போதே எதிரே வரும் வண்டிகளின் எண்களைக் கூட்டிச் சொல்லுவான். அவனும் அவன் அப்பாவும் எங்களுக்கு இரண்டு அறை தள்ளி இருந்தார்கள். அப்பா பெயிண்டர். ஊரில் பாதி வீட்டுக்கு வெள்ளை அடித்தவர், தங்குவதற்குத் தனக்கு ஒரு சுவர் இல்லை. அதை அவரே சொல்லிச் சிரிப்பார். கால்குலேட்டர் சிரிக்கமாட்டான்.

கால்குலேட்டருக்கு ஒரு நாய் இருந்தது. கறுப்பு. ஒரு காது மடிந்திருக்கும். பால்கனியில் நின்று அவன் வேன் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் வேனில் வரும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவன் சொன்னது. அவன் வகுப்பில் படிக்கும் டிபன் பாக்ஸ், வாய் ஓயாமல் எதையாவது மெல்லுகிறவன், தினமும் நாயைப் பற்றிக் கேட்பான். நானும் சும்மா இருக்கமாட்டேன். "நேத்து என் செருப்பைக் கடிச்சிடுச்சுடா அது" என்று ஒத்து ஊதுவேன். கால்குலேட்டர் என்னை நன்றியோடு பார்ப்பான். "அக்கா, அது சாரி சொல்லச் சொல்லுச்சு" என்பான்.

இப்போது என் குறையைச் சொல்ல வேண்டும்.

காலையில் வேன் முதலில் வருவது ஆபீஸுக்குத்தான். ஆறரைக்கு ஏறி, ஊரைச் சுற்றி ஒன்பது வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவோம். மாலையில் அந்த ஒன்பது பேரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் ஆபீஸ். இதில் வேடிக்கை என்னவென்றால், பள்ளியிலிருந்து வரும் வழியில் ஆபீஸ் தெருமுனையைத் தாண்டித்தான் வேன் போகும். தாண்டிப் போய், முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, திரும்பி வரும். பொடியன் தூங்கி என் மடியில் எச்சில் ஒழுக்கிவிடுவான். தினமும் அந்தத் தெருமுனை வரும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கே போனாலும் நாங்கள்தானா கடைசி? அடுப்பு முறையில் காத்திருப்பது போதாதா? வீடு இருக்கிறவர்கள் முதலில் வீட்டுக்குப் போக வேண்டும், வீடே இல்லாதவர்களுக்கு என்ன அவசரம் என்று நினைக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே முடிவு கட்டுவதில் நான் கெட்டிக்காரி.

ஒரு திங்கட்கிழமை மாலை, பிரேக் அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். கடைவாய்ப் பல். மறுநாள் பிடுங்கப் போகிறாராம், இரண்டு நாள் லீவு. பள்ளி வாசலில் காத்திருந்தபோதே மாற்று ஓட்டுநருக்காக ஓர் அட்டை எழுதி, மாலை வளையத்தில் எல்லாவற்றுக்கும் மேலே கோத்தார். அவர் முதுகுக்குப் பின் இருக்கை என்னுடையது. எட்டிப் பார்த்தேன்.

'வரிசையை மாற்ற வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம்.'

காரணம் கேட்க வேண்டாமாம்.

ஆபீஸ் வாசலில் அவர் சின்னதுகளை இறக்கிக் கையெழுத்து வாங்கப் போனார். ஒரு நிமிஷம் போதும் எனக்கு. லிஃப்டில் 'பழுது' என்று தாள் ஒட்டி மூன்று நாள் மூன்று மாடியையும் படியேற வைத்தவள் நான். மாட்டிக்கொள்ளாமல் இருக்க நானும் கூடவே ஏறினேன் என்பது வேறு விஷயம். இருக்கைக்கு மேலாக எட்டி, மாலை வளையத்தைத் திறந்து, கடைசியில் இருந்த எங்கள் அட்டையை முதலில் கோத்தேன். அந்த எச்சரிக்கை அட்டையை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு நாளாவது நாங்கள் முதலில் இறங்குவோம். முன்னதாகவே தெருமுனையில் நிறுத்தச் சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இதுதான் என் திட்டம். இவ்வளவுதான் என் மூளை.

மறுநாள் வந்தவர் ஒரு சின்ன வயசு அண்ணன். விசில் அடித்துக்கொண்டே ஓட்டினார். காலையில் வம்பில்லை. மாலையில் பள்ளியை விட்டுக் கிளம்பியதும் முதல் அட்டையைப் பார்த்தார், எங்கள் தெருவுக்குள் திருப்பினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, இந்த முனையிலயே நிறுத்துங்க. நாங்க நடந்துக்குறோம்."

"கேட்டுக்கு முன்னாடின்னு போட்டிருக்கும்மா. சின்னப் பிள்ளைங்கள பெரியவங்க கையில குடுத்து கையெழுத்து வாங்கணுமாம்."

"பரவால்லண்ணே, நான் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"நான் ரெண்டு நாள் வேலைக்கு வந்தவன். உன் பரவால்லய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

வேன் கேட்டுக்கு நேர் எதிரே போய் நின்றது. கேட்டின்மேல் நீல எழுத்தில் பலகை. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். வீட்டுப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக்காரன் ஒருவன் இருந்தான். அண்மையில்தான் வாசிக்கக் கற்றவன். கண்ணில் படும் பலகையையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வருவான். அன்றைக்கும் படித்தான்.

"வீ... வீடற்ற... குடும்... குடும்பங்களுக்கான... தற்காலிகத் தங்கு... தங்குமிடம்."

படித்து முடித்த சந்தோஷத்தில் எல்லோரையும் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்கள்.

வேன் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கால்குலேட்டரின் அப்பா பெயிண்ட் தெறித்த சட்டையோடு, காலுக்கு ஒரு செருப்பாக மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "வந்துட்டேன்டா, வந்துட்டேன்டா" என்றார். கால்குலேட்டர் இறங்கினான். டிபன் பாக்ஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"டேய், நாய் எங்கடா?"

அவன் கேலி செய்யவில்லை. அது இன்னும் கொடுமை. கையில் பாதிப் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, நிஜமாகவே பால்கனியைத் தேடினான்.

நான் கடைசியாக எழுந்தேன். பக்கத்தில் கண்ணாடி இருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள், என் வகுப்பு, மதியச் சாப்பாட்டை என்னோடு பங்கு போடுகிறவள்.

"நீ இங்கயா இருக்கே?" என்றாள்.

என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுப் பேசுவதில்லை. "ச்சே. எங்க அம்மா இங்க வேலை பாக்குறாங்க. ஆபீஸ்ல. அதான் இங்க இறங்குறேன்."

"அப்போ அவன்?"

"அவனா? அவன் இங்கதான் இருக்கான்."

தோளைக் குலுக்கினேன். அந்தக் குலுக்கல் இன்றைக்கும் என் தோளில் இருக்கிறது. கால்குலேட்டர் கேட்டுக்குப் பக்கத்தில், திறந்திருந்த வேன் கதவுக்கு நாலடி தூரத்தில் நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. விழவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அட்டையைப் பழையபடி கடைசிக்கு மாற்றினேன். பயனில்லை. கால்குலேட்டர் வரவில்லை. வயிற்று வலி என்றார் அவன் அப்பா. இரட்டைச் சடைகள் சமையலறையில் என் புகழைப் பரப்பிவிட்டிருந்தார்கள். அன்றைக்கு மாலை அம்மா இஸ்திரிக் கடை வேலை முடிந்து வந்து, பையை வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் இங்க வேலை பாக்குறேனாமே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந்தப் பிரிவுன்னு சொன்னியா?" கதவைக் காட்டினாள். "புகார் பிரிவா?"

அவள் திட்டியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவள் கையில் சூடு பட்ட தழும்பைத் தடவிக்கொண்டே அடுப்பு முறைத் தாளைப் பார்க்கப் போனாள்.

பிரேக் அக்கா வியாழக்கிழமை வந்தார். ஒரு கன்னம் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. பேச்சு ஓரவாயில் வந்தது. வேனில் இரண்டு இருக்கை காலி. இரண்டு வீட்டிலிருந்து, 'அந்த இடத்துப் பிள்ளைகளோடு' எங்கள் பிள்ளை வர வேண்டாம் என்று போக்குவரத்து அலுவலகத்துக்குச் சொல்லி நின்றுவிட்டார்கள். மூன்றாவது காலி இருக்கை கால்குலேட்டருடையது.

அலுவலகத்தில் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். மாற்று ஓட்டுநர், "கார்டுல இருந்தபடி ஓட்டினேன்" என்று சொல்லிவிட்டார். அக்கா என்ன சொன்னார் என்பதை ஆபீஸ் பொறுப்பாளர் சமையலறையில் அம்மாவிடம் சொல்லும்போது கேட்டேன். அவரை நாங்கள் சாவி சார் என்போம், இடுப்பில் ஒரு கொத்து தொங்கும்.

"கார்டை நான்தான் தப்பா கோத்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்காங்கம்மா. இத்தனை வருஷத்துல முதல் எச்சரிக்கைக் கடிதம். பல்வலில தலை சுத்தியிருக்கும் போல."

நான் தண்ணீர் குடிக்க வந்தவள், குடிக்காமலே போய்விட்டேன்.

அதன் பிறகு தினமும் காலையில் அக்கா ஐந்து நிமிஷம் முன்னதாக வந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு, கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியாட்கள் மாடிக்குப் போகக் கூடாது என்பது ஆபீஸின் சட்டம். அதனால் ஓர் அட்டை எழுதி பெயிண்டரிடம் கொடுத்துவிடுவார். என்னவோ அறிவுரை எழுதுகிறார் என்று நினைத்து ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். 'இன்று ஆறு முப்பது. மூன்றாவது ஜன்னல் இருக்கை காலி.' அவ்வளவுதான். மறுநாளும் அதேதான். கையெழுத்தில்கூட மாற்றமில்லை.

"வர்றானா?" என்று அவர் பெயிண்டரைக் கேட்பதில்லை. பெயிண்டர்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "நாளைக்கு வந்துடுவான் அக்கா" என்பார். நான்கு அட்டை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பக்கத்துப் பள்ளிக்குப் போனால் அது கால்குலேட்டருக்கு நான்காவது பள்ளி. இந்தப் பள்ளியில்தான் ஒரு கணக்கு டீச்சர் அவனைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்திருந்தார். விரல்விட்டு எண்ணுவது எனக்குப் பழக்கமில்லை. அந்த வாரம் எண்ணினேன்.

அவன் வராத ஆறாவது நாள் மாலை, எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை. அக்கா வேனைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த கார்டு..."

"காலைத் தூக்கு, குப்பை இருக்கு."

தூக்கினேன். "அந்த கார்டை மாத்தினது நான்."

"தெரியும்."

"எப்படி?"

"நான் ஸ்டீயரிங் பக்கத்துலேர்ந்து கோப்பேன், எழுத்து என்னைப் பாக்கும். திரும்பி வந்து பாக்குறேன், ஒரு கார்டு மட்டும் பின்சீட்டைப் பாக்குது. என் பின்சீட்டு யாருது?"

"அப்போ ஏன் என்னைச் சொல்லல?"

"சொன்னா ஒரு மாசம் வேன்ல ஏறக் கூடாதுன்னு உன்னை நிறுத்துவாங்க. நீ ஒரு மாசம் கழிச்சுத் திரும்பி வர்ற ஆளா? ஏற்கெனவே ஒருத்தன் வராம மாடியில உக்காந்திருக்கான். ஒருத்தன் போதும்." துடைப்பத்தைத் தட்டினார். "அழாதே. எனக்குப் பல்லு வலிக்குது, பாக்க முடியல."

"நாம மட்டும் ஏன் கடைசின்னு கோவம்க்கா. முனையைத் தாண்டித் தாண்டிப் போவீங்க."

அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்தார்.

"நான் வேலைக்கு வந்த புதுசுல முனையிலேயே முதல்ல இறக்கிடுவேன். அதான் கிட்ட. அப்போ ஒரு பொண்ணு இருந்தா, உன் வயசு. அவ மட்டும் இங்க இறங்கமாட்டா. 'என் வீடு இன்னும் தள்ளி'ன்னு சொல்லி, ஒரு பச்சைக் கேட்டு வீட்டு வாசல்ல இறங்குவா. கையாட்டிட்டு நிப்பா. ஒரு நாள் நல்ல மழை. கண்ணாடில பாக்குறேன், அவ கேட்டைத் திறக்கவே இல்ல. நான் திரும்புற வரைக்கும் நின்னுட்டு, பையைத் தலையில வச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சா. இங்க வரைக்கும். அஞ்சு மாசமா அப்படி நடந்திருக்கா. மறுநாள் கார்டை எல்லாம் பிரிச்சுக் கோத்தேன். முதல்ல ஏறுங்க, கடைசில இறங்குங்க. வேன் காலியா இருக்கும்போது யாரு பாக்கப் போறா?"

"அதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு? உங்களை மறைச்சுக் கூட்டிட்டுப் போறேன்னா? கேக்க நல்லா இருக்குமா உங்களுக்கு?"

நல்லா இருக்காது. அது எனக்கே தெரிந்தது. தினமும் முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்து, முக்கால் மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போய், அக்காளிடம் 'சோறு ஆறிவிட்டது, உன் இஷ்டம்' என்று அட்டை வாங்குகிற ஒரு பெண்ணை, எங்களைக் கடைசியாக நினைக்கிறவர் என்று முடிவு கட்டியவள் நான்.

"அவன்கிட்ட போய் சொல்லட்டுமாக்கா?"

"அது உன் விஷயம். எனக்கு வேன் பெருக்கணும்."

மறுநாள் சலவை இயந்திரத்தின் மேல் கால்குலேட்டர் உட்கார்ந்திருந்தான். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அவன் பற்கள் லேசாக ஆடின. பக்கத்தில் அக்காவின் அட்டைகள், ஓரம் தட்டி அடுக்கியபடி.

"கார்டை மாத்தினது நான்டா" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"லூசா நீ?" என்றான். அக்கா என்ற வார்த்தை இல்லை.

"ஆமா."

"வண்டி இங்க வந்து நின்னதுகூடப் பரவால்ல." அவன் அட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கினான். "நாம எல்லாரும் ஒண்ணாதானே இறங்குனோம். நீ மட்டும் தனியா இறங்கிட்ட."

அப்படியானால் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இயந்திரம் பிழிய ஆரம்பித்தது, அந்தச் சத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் நகர்ந்துவிட்டேன்.

எட்டாவது நாள். காலையில் ஏழு வீட்டுப் பிள்ளைகளும் ஏறி முடிக்கும்வரை காத்திருந்தேன். இருக்கையில் எழுந்து நின்றேன். ஓடும் வேனில் நிற்கக் கூடாது என்பது சட்டம். அக்கா கண்ணாடியில் பார்த்தார். வேன் இன்னும் மெதுவாயிற்று.

"எங்க அம்மா ஆபீஸ்ல வேலை பாக்கல. இஸ்திரிக் கடைல வேலை பாக்குறாங்க. நாங்களும் அங்கதான் இருக்கோம். மூணாவது மாடி. நான் பொய் சொன்னேன்."

இதைச் சொல்லும்போது நான் தைரியசாலியாக உணர்வேன் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. காது சுட்டது. கண்ணாடி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"மூணு மாசமா என்கிட்ட சொல்லல" என்றாள். கோபம் அவளுக்கு அதில்தான்.

பலகை படிக்கும் இரண்டாம் வகுப்புக்காரன் கையைத் தூக்கினான். "உங்க கட்டடத்துல லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு."

"எங்க வீட்ல இல்ல" என்றான் வருத்தமாக.

வேன் நின்றது. சிக்னலுமில்லை, ஒன்றுமில்லை. "உக்காரு வாலு, வண்டிய எடுக்கணும்" என்றார் அக்கா. அவருக்கு நான் வாலுதான். உட்கார்ந்தேன். அன்று மதியம் கண்ணாடி வேறு பெஞ்சில் சாப்பிட்டாள். அதற்கு அவளைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

இரட்டைச் சடைகள் சமையலறையில் அதையும் பரப்பியிருப்பார்கள். அவர்களை நம்பித்தான் நான் எழுந்து நின்றதே.

ஒன்பதாவது நாள் காலை ஆறு இருபத்தெட்டுக்குக் கேட் திறந்தது. பெயிண்டர் முன்னால் வந்தார், இரண்டு காலிலும் ஒரே ஜோடிச் செருப்பு. பின்னால் கால்குலேட்டர். அக்கா எஞ்சினைப் போட்டார். "செக்கிங், எல்லாரும் காலைத் தூக்குங்க" என்றார், வேனில் நாங்கள் ஐந்து பேர் மட்டுமே இருந்தபோதும். அவன் மூன்றாவது ஜன்னலில் போய் உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை.

டிபன் பாக்ஸ் ஏறியதும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மென்றான். பிறகு மெல்லிய குரலில் கேட்டான்.

"டேய், அந்த நாய்..."

வேன் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

"செத்துப்போச்சு" என்றான் கால்குலேட்டர்.

டிபன் பாக்ஸ் மெல்லுவதை நிறுத்தினான். தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து அவனிடம் நீட்டினான். அவன் வாங்கிக்கொண்டான். எனக்குத் தெரியும், அந்த நாயைக் கொன்றது நான். கறுப்பு, ஒரு காது மடிந்தது, என் செருப்பைக் கடித்துவிட்டு சாரி சொல்லச் சொன்னது.

அன்று மாலை வேன் வழக்கம்போல் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போனது. ஒவ்வொரு வாசலாக நின்றது, ஒவ்வோர் அட்டையாகப் புரண்டது. கண்ணாடி இறங்கும்போது என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினாள். கடைசியில் நாங்கள் ஐந்து பேர் மிஞ்சினோம். பொடியன் என் மடியில் எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தான்.

ஆபீஸ் வாசலில் என் பையிலிருந்து அந்த எச்சரிக்கை அட்டையை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். ஓரம் மடங்கி, என் பேனா மை பட்டிருந்தது. வாங்கிப் பார்த்தார். "பல்வலில இதைக் கோத்தேனா இல்லையான்னே சந்தேகம் வந்து வீடெல்லாம் தேடினேன். எங்க அக்கா எடுத்துட்டான்னு அவகூட ஒரு சண்டை வேற" என்றார். வளையத்தைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே கோத்தார். எழுத்து அவரைப் பார்க்கும்படி.

படிக்கட்டுக்குப் போக என் இருக்கையைத் தாண்ட வேண்டும். கால்குலேட்டர் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். என் கால்கள் வழியில் இருந்தன.

"தள்ளு" என்றான்.

அக்கா என்று சொல்லவில்லை. நான் தள்ளிக்கொண்டேன்.